சர்க்கரை போடாத ஙலாக்

கடலோர ஊரான ம்பூரின் சந்தையில் கம்பு மாவு விற்கும் தெனிங்குக்கு உண்மையான கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். மற்ற நேரமெல்லாம் திறந்தே இருக்கும். அடுத்த வீட்டுத் தாக்கோவை ஏசாமல் அவள் ஒரு நாளும் அடுப்பு மூட்டியதில்லை. தெனிங் செரேர் இனம், மாதா கோயிலுக்குப் போகிறவள். தாக்கோ துக்குலேர் இனம், ஐந்து வேளையும் தொழுகிறவள். இந்த இரண்டு இனத்தாருக்கும் இடையே கேலி முறை உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் ஏசிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளத்தான் கூடாது.

பக்ரீத்துக்குத் தாக்கோ வீட்டிலிருந்து ஆட்டுத்தொடை வரும். பெரிய வெள்ளிக்குத் தெனிங் வீட்டிலிருந்து ஒரு வாளி ஙலாக் போகும். வேகவைத்த கம்பு உருண்டை, நிலக்கடலை விழுது, ஆனைப்புளிக் கரைசல், சர்க்கரை. எல்லாம் கலந்து குளிர்ந்ததும் கரண்டி கரண்டியாகத் தின்னலாம். வயிற்றுக்கும் இதம், மனசுக்கும் இதம்.

ஆனால் ஆனைப்புளி பொல்லாதது. அதன் புளிப்பு எவ்வளவு சர்க்கரையையும் மூடி மறைத்துவிடும். நாக்குக்குத் தெரியாது, இரத்தத்துக்குத் தெரியும். தாக்கோவோ வருடாவருடம் மதில்மேல் தலை நீட்டி, செரேர்காரிக்குக் கை வராதே, சர்க்கரையை நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாளா என்று கேட்பாள். தெனிங்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அடுத்த வருடம் இன்னும் இரண்டு குவளை கொட்டுவாள்.

போன மழைக்காலத்தில் தாக்கோவின் கால்விரல்கள் இரண்டை மருத்துவமனையில் எடுத்தார்கள். அவள் மகன் சாம்பா வந்து சொன்னான். அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோயாம். இனிப்பே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தாராம். "பக்கத்து வீட்டுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க பெரியம்மா" என்றான்.

தெனிங்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நோய் வந்ததற்காக அல்ல. எல்லாம் தெரிந்தே வாளியை வழித்துத் தின்றுவிட்டு, இனிக்கவில்லை என்று வேறு சொல்லி, தெனிங்கின் கையாலேயே தனக்கு விஷம் வைக்க வைத்தாளே, அதற்காக. ரோஷத்தில் அள்ளிக் கொட்டிய தன் கையை நினைத்தபோது இன்னும் எரிந்தது.

மருத்துவமனைக்குப் போனாள். "எப்படி இருக்கீங்க? சீக்கிரம் குணமாகட்டும்" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி இவளை ஏதோ அதிகாரி என்று நினைத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள். இது உண்மையான கோபம் என்று தாக்கோவுக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பிறகு மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறும் மரியாதைதான். தெருவே பயந்தது. யாராவது சமாதானம் பேச வந்தால், எங்களுக்குள் சண்டையே இல்லையே என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

பெரிய வெள்ளி வந்தது. அனுப்புவதா வேண்டாமா என்று தெனிங் காலையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சாம்பாவின் பிள்ளைகளுக்கு வாளியை அனுப்பிவிட்டு, சர்க்கரை ஒரு துளியும் போடாத கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு தானே போய்த் தாக்கோவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க."

தாக்கோ ஒரு கரண்டி வாயில் போட்டாள். புளிப்பில் கண்ணில் நீர் கோர்த்தது. இன்னொரு கரண்டியும் விழுங்கினாள். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள்.

தெனிங்கால் அதைத் தாங்க முடியவில்லை. "பொய் சொல்லாதடி. அன்னிக்கு இனிக்கலன்னு பொய். இன்னிக்கு நல்லா இருக்குன்னு பொய். எதுக்குடி என்கிட்ட மறைச்ச?"

"சொன்னா பாவம் பாத்திருப்ப. சீக்காளின்னு தன்மையா பேசியிருப்ப. அதான் பயம்."

"தன்மையாவா? தெருவுல நின்னு ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசியிருப்பேன்டி. நீ செத்திருந்தா நான் யாருகிட்ட வாய் குடுப்பேன்?"

தாக்கோ கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"இத நாய்கூட மோந்து பாக்காது. அடுத்த வருசம் எனக்கு இதையே கொண்டு வா."

தெனிங் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். மிச்சத்தையும் ஒரு வாய் விடாமல் ஏசிக்கொண்டே ஊட்டினாள்.