பட்டியலில் விட்டுப்போன அளவு நோட்டு

கணவனோடு பன்னிரண்டு வருடம் நடத்திய தையல் கடையை விவாகரத்தில் பிரித்தபோது, தையல்காரி இரண்டு மெஷினையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடை அவனுக்குப் போனது. வாடிக்கையாளர்களின் அளவு நோட்டைத் தான் கேட்ட பொருள்களின் பட்டியலில் சேர்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

மூன்று வாரமாக அவளுடைய புது அறைக்கு ஒருவரும் வரவில்லை. எல்லாரும் பழைய கடைக்கே போனார்கள். அவனுக்குப் போன் செய்தாள்.

“பொம்பளைங்க அளவெல்லாம் நான் எடுத்ததுங்க. நோட்டைக் குடுங்க.”

“மெஷின் மெஷின்னு ஒத்தக் கால்ல நின்னியே, அப்ப நோட்டு கண்ணுக்குத் தெரியலையா?”

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு, பல வருடமாக அவளிடம் தைக்கும் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, உங்க அளவை மறுபடி எடுத்துக்கட்டுமா?”

“அதான் கடையில இருக்கேடி?”

“தைச்சவ இங்க இருக்கேன்க்கா.”

டீச்சர் யோசித்தாள். பிறகு ஒரே ஒரு துணியை எடுத்து வந்தாள்.

“முதல்ல இதைத் தை, பாக்கலாம்.”