அத்தை மகள் படம் போட்ட காலண்டர்

பொங்கலிலிருந்து முழுப்பரீட்சை வரைக்கும் அத்தை மகளின் முகத்தைப் பார்த்துத்தான் நான் தேதி தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால், கரும்பலகையில் தேதி எழுதும் பொறுப்பை டீச்சர் எனக்குக் கொடுத்திருந்தார். காலையில் போனதும் சுவரில் தொங்கும் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிக்க வேண்டும், இன்றைய தேதியைப் பலகையில் எழுத வேண்டும். அந்தக் காலண்டர் அட்டையில் லட்சுமியோ முருகனோ இருந்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. இருந்தது அவள். போதாததற்கு அவளே அதே வகுப்பில், எனக்குப் பின் பெஞ்சிலும் உட்கார்ந்திருப்பாள். முன்னால் பார்த்தாலும் அவள், திரும்பிப் பார்த்தாலும் அவள் என்றால் ஒருத்திக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நாங்கள் கோயமுத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மோட்டார் பம்பு செய்யும் பட்டறையில் லேத்து வேலை. அப்பாவின் தங்கைதான் அத்தை. அவளைக் காரமடைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பனியன் கம்பெனியில் வேலை என்று திருப்பூருக்குக் கிளம்பிப்போன அவள் புருஷன் அப்படியே போனவர்தான், திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அத்தை, மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் லைனுக்கே வந்து, பக்கத்து அறையில் குடியேறினாள். அத்தை மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. வந்த அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. என் ஜடையைவிட அவள் ஜடை நீளம். வேறு காரணம் எதற்கு?

எங்கள் வீதி முனையில் ஒரு மாடி வீடு இருந்தது. வாசலில் நீளமான பெயர்ப் பலகை மாட்டியிருந்தாலும் எல்லோரும் அதைச் சென்டர் என்றுதான் சொல்வோம். அதை நடத்திய அக்காவுக்கு உட்கார நேரமிருக்காது. ஒரு நாள் கண் ஆஸ்பத்திரி வேனை வரவழைத்து, வீதியிலிருக்கும் வயசாளிகளையெல்லாம் ஏற்றி அனுப்புவார். இன்னொரு நாள் புருஷனிடம் அடிபட்டு வந்தவளை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். விதவைப் பென்ஷனுக்காகத் தாலுகா ஆபீசில் காத்துக்கிடப்பார். மாடியில் தையல் வகுப்பு, கீழே சாயங்காலத்தில் எங்களுக்கு டியூஷன். டியூஷன் முடிந்ததும் சுண்டல் உண்டு. அந்தச் சுண்டலை அவிக்கும் வேலையை அக்கா அத்தைக்குக் கொடுத்தார். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

அத்தை அவித்துவைத்தால் கரண்டி பிடித்துப் போடுவது மகள். வீதிப் பிள்ளைகள் எல்லோரும் தட்டை நீட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் அவள் எப்போதும் ஒரு கரண்டி கூடப் போடுவாள். அது இன்னும் எரிச்சலாக இருக்கும். போடுகிற இடத்தில் இருப்பதால்தானே போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே தின்பேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் சென்டரில் புதுப் பையும் ஜாமெட்ரி பாக்ஸும் கொடுத்தார்கள். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு, அல்லது அப்பா விட்டுவிட்டுப் போன பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று அக்கா சொல்லிவிட்டார். அத்தை மகளுக்குக் கிடைத்தது. என் அப்பாவோ தினமும் சாயங்காலம் காலிச் சாப்பாட்டுத் தூக்குப்போசியை ஆட்டிக்கொண்டு தவறாமல் வீட்டுக்கு வந்து, எனக்குக் கிடைக்க வேண்டியதைக் கெடுத்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் ஒரு நாள், அப்பா எப்போது திருப்பூர் போவார் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அம்மா கையிலிருந்த கரண்டியாலேயே ஒன்று போட்டாள். அடித்துவிட்டு அவளே அழுதாள். பை கேட்டதற்கு அழுவானேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். யாருக்கும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவளுக்கு வராது. எங்கள் பக்கத்தில் அது பெரிய மரியாதைக்குறைவு. சீட்டு நடத்துகிற அம்மா வந்து கூப்பிட்டால் ஆகட்டுங்க, சேர்ந்துக்கலாமுங்க என்பாள். அவர் பணம் வாங்க வருகிற அன்றைக்குக் கோயிலுக்குப் போயிருப்பாள். கிரைண்டரை இரவல் கேட்டால் அதுக்கென்னங்க, எடுத்துக்குங்க என்பாள். அவர்கள் எடுக்க வரும்போது அதில் எங்கள் வீட்டு அரிசி ஓடிக்கொண்டிருக்கும். இப்படி ஒருவர் மனமும் நோகாமல் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்வாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் அக்கா டியூஷனுக்கு வந்து சொன்னார். அடுத்த வருடத்துக்குச் சென்டர் பெயரில் காலண்டர் அடிக்கப்போகிறார்களாம். அதில் எங்களில் ஒருத்தர் படம் வருமாம். ஞாயிற்றுக்கிழமை போட்டோக்காரர் வருவார், எல்லோரும் வந்துவிடுங்கள் என்றார். நான் எழுந்து நின்று, அப்பா இருக்கிறவர்களும் வரலாமா என்று கேட்டேன். வரலாம் என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பை போனால் போகிறது, சுண்டல் கரண்டி போனால் போகிறது, காலண்டரில் நான் வந்துவிட்டால் அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்?

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்காவே எங்கள் வீட்டுக்கு வந்தார். உங்கள் பெண்ணுக்குக் கண் நல்ல பெரிய கண், படத்துக்கு எடுப்பாக இருக்கும், அவசியம் அனுப்புங்கள், தினமும் வருகிற மாதிரி யூனிபாரத்தில் வந்தால் போதும் என்றார். அதுக்கென்னங்க, அனுப்பறேனுங்க என்றாள் அம்மா. காப்பி கொடுத்துக்கொண்டே, காலண்டரை யார் யாருக்குக் கொடுப்பீர்கள் என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். சென்டருக்கு உதவி செய்கிற எல்லோருக்கும்தான், மில்லுகள், ஆஸ்பத்திரிகள், ஈரோட்டு ஜவுளிக்கடைகள், பொள்ளாச்சித் தேங்காய் மண்டிகள் என்று அக்கா அடுக்கினார். பொள்ளாச்சிதான் அம்மாவின் பிறந்த ஊர். என் தாய்மாமன்கள் இரண்டு பேரும் அங்கே மண்டிதான் வைத்திருந்தார்கள். மாமன்கள் மண்டியில் என் படம் தொங்கும் என்று நான் குதித்தேன். நல்லதுங்க என்று சொல்லிவிட்டு அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைச் சிங்காரித்ததைப் போல என் கல்யாணத்தில்கூட யாரும் சிங்காரிக்கவில்லை. பெட்டியிலிருந்த அரக்குப் பட்டுப்பாவாடையை எடுத்தாள். பவுடரை அப்பினாள், கண்ணுக்கு மை தீட்டினாள், கன்னத்தில் பொட்டு வைத்தாள். தலை கொள்ளாமல் மல்லிகையும் கனகாம்பரமும் வைத்தாள். கடைசியில் பீரோவைத் திறந்து தன்னுடைய ஜிமிக்கியையே என் காதில் மாட்டிவிட்டாள். அதைத் தொடக்கூட அதற்கு முன்னால் என்னை விட்டதில்லை. யூனிபாரம் போதும் என்று அக்கா சொன்னதை நான் நினைவுபடுத்தவில்லை, அம்மாவும் நினைவுபடுத்திக்கொள்ளவில்லை.

நாங்கள் வெளியே வரும்போது அத்தையும் மகளும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் யூனிபாரத்தில்தான் இருந்தாள், தோள்பட்டை சாயம் போன பழைய யூனிபாரம். ஆனால் ஆசைக்கு எங்கிருந்தோ ஒரு துண்டு மல்லிகையைத் தானே வைத்துக்கொண்டிருந்தாள். அத்தை அதைப் பார்த்துவிட்டு, உருவித் தன் தலையில் செருகிக்கொண்டாள். மகள் காதிலிருந்த கல் கம்மலைக் கழற்றி, ஓட்டை தூர்ந்துவிடாமல் இரண்டு வேப்பங்குச்சியைச் செருகினாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, நல்லாருக்குது அம்மணி என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாலும் பார்வை அம்மாவிடம்தான் இருந்தது. அம்மா பூட்டைச் சரிபார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். படம் பிடிக்கிற நாளில் பிள்ளையை இப்படியா கூட்டிப்போவார்கள், அத்தைக்கு வேலை மும்முரத்தில் புத்தி பிசகிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

போட்டோக்காரர் சின்ன வயசுக்காரர். என்னை நிறுத்தி ஒன்று எடுத்தார். காமிராவில் காட்டியும் கொடுத்தார். சூப்பரா இருக்குது பாப்பா, போய் உக்காரு என்றார். நானும் உட்கார்ந்தேன். அப்புறம் அவளை ஜன்னலோரம் நிறுத்தினார். புத்தகத்தைக் கையில் கொடுத்து எடுத்தார், தட்டைக் கையில் கொடுத்து எடுத்தார். ஜடையைக் கொஞ்சம் கலைத்துவிடச் சொன்னார். சிரிக்காதே கண்ணு, சும்மா என்னையப் பாரு என்றார். அவளும் பார்த்தாள். வெயில் ஜன்னலைத் தாண்டிப் போகும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார். சிரிக்காமல் இருப்பது என்ன பெரிய வித்தையா? அப்போது என் முகத்தை யாராவது திரும்பிப் பார்த்திருந்தால், அவர்களுக்கு வேண்டிய முகம் அங்கேயே கிடைத்திருக்கும். மை கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது.

பொங்கலுக்கு முன்னால் காலண்டர் வந்துவிட்டது. அட்டை முழுக்க அவள். கீழே, இவள் படிப்பது உங்கள் கையில் என்று ஒரு வரி. மருந்துக்கடையில் மாட்டினார்கள், பேக்கரியில் மாட்டினார்கள், அப்பாவின் பட்டறையில் முதலாளி அறையில் மாட்டினார்கள். எங்கள் வகுப்புக்கும் ஒன்று வந்தது. சென்டர் மாடிக்குப் புதிதாகத் தையல் மிஷின்கள் வந்து இறங்கின, ஞாயிறுதோறும் ஒரு டாக்டரம்மா வந்து இலவசமாக மருந்து கொடுத்தார். எல்லாம் காலண்டர் வந்த ராசி என்று வீதியில் பேசிக்கொண்டார்கள். அந்த ராசி என் முகத்துக்கும் இருந்திருக்கும் என்று எனக்கு ஆறவே இல்லை.

வகுப்பில் அவள் பெயரே காலண்டர் என்று ஆகிவிட்டது. பையன்கள் அவள் முன்னால் வரிசையாக வந்து, இந்தா, படி என்று சொல்லித் தேய்ந்துபோன பென்சில்களையும் பாதி ரப்பரையும் பெஞ்சில் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவள் அதையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவைப்பாள். கொடுத்துவைத்தவள், தேடி வந்து கொடுக்கிறார்கள், அதிலும் இவளுக்கு ராங்கி பார் என்று நான் அந்தப் பென்சில் துண்டுகளுக்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். சென்டரில் அவள் கரண்டி பிடிப்பதையும் நிறுத்திவிட்டாள். சுண்டல் வேண்டாம் என்று டியூஷன் முடிந்ததும் ஓடிவிடுவாள். பெரிய ஆளாகிவிட்டாள் அல்லவா.

முழுப்பரீட்சை நெருங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் தாளைக் கிழிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். படத்தில் யாரோ நீலப் பேனாவால் வரைந்திருந்தார்கள். மீசையில்லை, கொம்பில்லை. தலை நிறையப் பூ. நெற்றிச்சுட்டி. கழுத்தில் அட்டிகை. காதில் வேப்பங்குச்சி இருந்த இடத்தில் ஜிமிக்கி. அந்த ஜிமிக்கி அச்சு அசலாக நான் போட்டுக்கொண்டு போனது, கீழே தொங்கும் மணிகள் உட்பட. யார் வேலை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. காலண்டரையும் எடுத்துக்கொண்டாள், என் ஜிமிக்கியையும் எடுத்துக்கொண்டாள்.

டீச்சருக்கு வேறு மாதிரி தெரிந்தது. படத்தைப் பாழாக்கும் அளவுக்கு வயிற்றெரிச்சல் யாருக்கு என்று கேட்டால் வகுப்பே என்னைத்தான் காட்டும். அடிஸ்கேலால் கையில் வாங்கினேன். அப்போது பின் பெஞ்சிலிருந்து அவள் எழுந்து, நான்தானுங்க டீச்சர் வரஞ்சேன் என்றாள். டீச்சர் நம்பவில்லை. தன் படத்தைக் கெடுத்தவளையே காப்பாற்றப் பார்க்கிறது, எவ்வளவு தங்கமான பிள்ளை என்று அவளைத் தட்டிக்கொடுத்து உட்காரவைத்துவிட்டு, எனக்கு இன்னும் இரண்டு போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டு கேட்டாள். என்ன வரைந்திருந்தாள் என்று மட்டும் திருப்பிக் கேட்டாள். பூ, சுட்டி, அட்டிகை, ஜிமிக்கி என்று நான் சொன்னதும் அரிவாள்மனையில் கை நின்றுவிட்டது. அந்தக் கோபத்தில், அவ்வளவு நாளாக நான் மனசுக்குள்ளேயே போட்டுக் குமைந்துகொண்டிருந்ததையும் கேட்டுவிட்டேன். அத்தை கூட்டிப்போன மாதிரி என்னையும் யூனிபாரத்தில் கூட்டிப்போயிருந்தால் நான்தானே காலண்டரில் வந்திருப்பேன், எதற்குப் பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டுக் கெடுத்தாய் என்று கத்தினேன்.

"அதுக்குத்தான் கண்ணு கட்டி உட்டேன், உன்ற மாமனுக மண்டியில அந்தக் கோலத்துலயா நீ தொங்கறது?" என்றாள் அம்மா.

வெளியே குழாயடியில் அத்தை ஏனம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசற்படிக்கு வந்து நின்றாள். முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. குரலில் கோபம் எதுவும் இல்லை.

"எம்புள்ளையச் சிங்காரிச்சு உட எனக்குந் தெரியுமுங்க அண்ணி."

யாருக்கும் ஒரு ஆகட்டுங்க சொல்லி அனுப்பிவிடும் அம்மா அன்று நறுக்கிய காயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள். எனக்குப் புரிந்ததெல்லாம் ஒன்றுதான். அம்மா வேண்டுமென்றே என்னைத் தோற்கவைத்திருக்கிறாள். அப்படியானால் அவளுக்கு என்னைவிட அத்தை மகள் மேல்தான் பாசம்.

அத்தையின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. கண் கொட்டாமல் என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அம்மாவையும் எடுத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, நான் ஓடிப்போய் அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.