விற்காத படத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு

ஓவியக் கூடத்தில் படம் மாட்டுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. படம் கோணலாக இருந்தால் மட்டும் தேடுவார்கள்.

துபாயில் பதினெட்டு வருஷமாக அடுத்தவர் படத்தை அடுத்தவர் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பாலைவனத்தை மாட்டியிருக்கிறேன், பருந்தை மாட்டியிருக்கிறேன். ஒன்றுமே வரையாத வெள்ளைத் துணியை இரண்டு முறை தலைகீழாக மாட்டித் திட்டும் வாங்கியிருக்கிறேன். ஒரு படம் எவ்வளவு கனம் என்றால், கடைசியில் சுவரைத்தான் அதில் மாட்டினோம். ஏணியும் டிரில்லுமாகக் காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. மாட்டுகிற படங்கள் பிடித்துப்போக ஆரம்பித்துவிட்டன. பிடித்ததை யாரிடமாவது காட்டாவிட்டால் சோறு இறங்காது. அதில் வந்த வினைதான் இது.

நம்பாத ஆள்

அஜ்மானில் நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில் இருக்கிறோம். என் கட்டிலுக்கு மேல் கட்டில் சூசையுடையது. குமரிக் கடற்கரைக்காரர், ஊரில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். இங்கே ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறார். தினமும் வேலை முடிந்து வந்ததும், அன்றைக்கு மாட்டிய படங்களைப் பற்றி அவரிடம்தான் சொல்வேன். கேட்பார், நம்பமாட்டார். தப்பு என் பேரில்தான். ஒட்டகப் படத்தைத் தூசி தட்டும்போது அது தும்மியது என்று ஒருமுறை சொல்லியிருக்கக் கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாட்டிய படம் அப்படியில்லை, நிஜமாகவே அதிசயம். தேரா பக்கம் கடலோடையைக் கடக்கிற ஓர் அப்ரா, அதுதான் ஒரு திர்ஹம் கூலிக்கு அக்கரை சேர்க்கிற மரப்படகு. அதில் இருபது பேர், இருபது பேரும் உட்கார்ந்தபடி தூங்குகிறார்கள். ஓட்டுகிறவனும் கண்ணை மூடியிருக்கிறான். ஓரத்தில் ஒரு வெள்ளாடு மட்டும் விழித்துக்கொண்டு நம்மையே பார்க்கிறது. ஏணியில் நின்றபடி அதைப் பார்த்து எனக்குக் கொட்டாவியும் வந்தது, கண்ணும் கலங்கியது. சூசையிடம் சொன்னேன். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். “ஆடு அப்ராவுல ஏறிச்சாக்கும்! ஒரு திர்ஹம் அது குடுத்துதா, இல்ல நீரு குடுத்தீரா அண்ணாச்சி?”

ஐந்தடிக்கு மூன்றடி

இந்த ஒரு படத்தையாவது அவருக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அவருக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான். கண்காட்சிக்கு அதுவே கடைசி நாள். அதுவரை படம் சுவரில் இருக்க வேண்டும். எங்கள் கூடத்தில் விற்ற படத்தை அப்போதே கட்டிக் கொடுத்துவிடுவோம். வாங்கியவர் கடைசி நாளில் எடுத்துக்கொள்கிறேன் என்றால்தான் சட்டத்துக்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி அங்கேயே விட்டுவைப்போம்.

புதன்கிழமை தேராவிலிருந்து ஒரு மசாலாக் கடை முதலாளி வந்தார். நம்ம கீழக்கரைப் பக்கத்து ஆள், தங்கமான மனிதர். கையில் டேப்பு. படம் எதையும் பார்க்கவில்லை, அளவு மட்டும் எடுத்தார். பழைய ஜன்னல் ஏசியைக் கழற்றிய இடத்தில் சுவரில் பெரிய ஓட்டையாம். அளந்துகொண்டே வந்தவர் ஆட்டுப் படத்தில் நின்றார். “அஞ்சுக்கு மூணு, கச்சிதம்” என்று சொல்லிவிட்டு, வண்டியை வாசலுக்குக் கொண்டுவரப் போனார்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. ஓடியது விரல் மட்டும். மேசையில் இருந்த தாளிலிருந்து ஒரு பொட்டை உரித்து ஒட்டிவிட்டேன். திரும்பி வந்தவரிடம், “மன்னிக்கணும் பாய், இது போயிடுச்சு. அதே அளவுல அந்தப் பக்கம் ஒரு குதிரை இருக்கு” என்றேன். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. “அளவு ஒண்ணுதானேண்ணே? அப்ப அந்தக் குதிரையக் கட்டுங்க.”

மிஸ்டர் சூசை

மாலையில் மேனேஜர் மேடம் பொட்டைப் பார்த்துவிட்டார். வாங்கியவர் பெயர் பதிவில் இல்லையே என்றார். வாய் எனக்கு முன்னால் போய்விட்டது. மிஸ்டர் சூசை என்றேன். ஜெபல் அலியில் இருக்கிறார், கண்டெய்னர், கிடங்கு என்று எந்நேரமும் அலைச்சல், ஞாயிற்றுக்கிழமைதான் ஒழிவு, நேரில் வந்து பணம் கட்டுவார் என்றேன். கடைசி விஷயத்தைத் தவிர ஒரு வார்த்தை பொய்யில்லை, நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆனால் மேடம் மேற்கொண்டு கேட்கக் கேட்க, மிஸ்டர் சூசைக்கு ஒரு கப்பலும் வந்து சேர்ந்துவிட்டது.

பக்கத்தில் ஏணியை மடக்கிக்கொண்டிருந்த நஸீம் பாய் எல்லாவற்றையும் கேட்டார். பெஷாவர்க்காரர். பன்னிரண்டு வருஷம் எனக்கு ஏணி பிடித்ததில் தமிழ் படிந்துவிட்டது. மேடம் போனதும் மெதுவாகச் சொன்னார்: “சாச்சா, ஒரு லாரி போதும். கப்பல் ஏன் வாங்கினாய்?”

கட்டிலுக்கு அடியில்

அதுவரை எனக்கு இது விளையாட்டுதான். வியாழக்கிழமை அந்தப் படத்தை வரைந்த பெண் வந்தாள். பெயர் மீரா. ஷார்ஜாவில் வளர்ந்த பிள்ளை, தமிழ் நடுநடுவே ஆங்கிலத்தில் தடுக்கி விழும். அம்மா நர்ஸ். ஒரே ஒரு படுக்கையறை வீடு. வரைந்த படங்கள் அலமாரி மேல், கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று நிறைந்துபோய், இனி ஒன்று விற்றால்தான் அடுத்தது என்று அம்மா சொல்லிவிட்டாராம். ஏழு மாதமாகப் பிள்ளை தூரிகையைத் தொடவில்லை. இதுவரை ஒன்றும் விற்றதில்லை. இதெல்லாம் முன்பே எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் குதிரையை ஏன் காட்டுகிறேன்?

பொட்டைப் பார்த்தவள் முதலில் விரலால் தொட்டாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அங்கிள், இது என்னுதுதானே? பக்கத்துப் படத்தோடது இல்லையே?” நான் தலையாட்டினேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து போன் போட்டாள். கூடமே கேட்கிற மாதிரி கத்தினாள்: “அம்மா! கட்டிலுக்கு அடியில ஒரு இடம் காலி!”

கடைசி நாள்

மூன்று நாள் தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை சூசை வந்தார். அஜ்மானிலிருந்து இரண்டு பஸ் மாறி, பூசைக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டையில். நான் முந்துவதற்குள், பெயரைக் கேட்ட மேடம் எழுந்து வந்து கைகொடுத்தார். நாற்காலி வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, சின்னக் கிண்ணத்தில் கஹ்வா என்கிற அரபிக் காப்பி வந்தது. சூசை என் காதில், “இங்க வாறவியளுக்கெல்லாம் இப்பிடித்தானா? முன்னமே சொல்லப்பிடாதா அண்ணாச்சி, நான் டீ குடிச்சுப் போட்டுல்லா வந்தேன்” என்றார்.

படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். “ஆடு இருக்கத்தான் செய்யுது” என்று மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கால் மாற்றி நின்றார், குனிந்தார், பின்னால் நகர்ந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு படத்தின் முன்னால் ஒருத்தர் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. படத்தை வாங்கியவரைப் பார்க்க வந்திருந்த மீரா எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் சூசை வாய் திறந்தார். “நீரு சொன்னது பொய்யாக்கும் அண்ணாச்சி. ஓட்டுகவன் தூங்கல்ல. தூங்குகவனுக்கக் காலு தொளதொளன்னு கெடக்கும். இவன் பெருவெரல ஊணிச் சுக்கான அமுக்கிப் பிடிச்சிருக்கான், பாரும். எல்லாரும் நிம்மதியா ஒறங்கட்டும்னு கண்ண மட்டும் மூடியிருக்கான்.”

ஐந்து நாள் காவல் காத்தவன் நான். அந்தக் கால் என் கண்ணில் படவே இல்லை.

பொட்டு

மீரா முன்னால் வந்து கேட்டாள், “சார், அதுக்காகத்தான் இதை வாங்கினீங்களா?” சூசை என்னைப் பார்த்தார். “வாங்கவா? எம்மா, நான் பஸ்ஸுக்குள்ளத மட்டும்லா கொண்டு வந்தேன்.” இனி ஒளிக்க ஒன்றுமில்லை. மேடம் வேறு பக்கம் இருந்த நேரம் பார்த்து, டேப்பு, ஓட்டை, குதிரை, கப்பல் எல்லாவற்றையும் கொட்டினேன். உன் படத்தை நிஜமாகவே வாங்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பியவன் நான்தான் என்றேன். என் வயதில் பிள்ளைகள் முன்னால் அப்படித் தலைகுனிந்து நிற்பது லேசான காரியமில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. “ஏசி ஓட்டைக்கா?” என்று மட்டும் கேட்டாள். ஒருமுறை அந்தப் பெருவிரலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பொட்டை உரிக்கக் கை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கோபம் தீர்ந்திருக்கவில்லை, பிடி வலித்தது. “மேடம்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா அம்மா புது கேன்வாஸே வாங்கி வெச்சுட்டாங்க அங்கிள். இனிமே இது எங்க வீட்டுக்கு வர முடியாது. உங்க ரூம்ல சுவர் இருக்கா?”

இப்போது அஜ்மானில் எங்கள் அறையில் வாரம் ஏழு நாளும் ஓவியக் கண்காட்சிதான், ஆனால் பார்க்க வேண்டிய ஆறு பேரும் டியூட்டி முடிந்து வந்து தூங்கிவிடுகிறோம்.