கழுத்தில் தொங்கிய பென் டிரைவ்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் போனுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியவர் அவளுடைய சித்தப்பா. பிள்ளையார் படம்கூடப் போட்டிருந்தது. பத்திரிகை என்றால் படமாகத்தானே வர வேண்டும்? இதுவோ போனுக்குள் குடியேறப் பார்க்கிற ஒரு செயலி. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என் ஊட்ல யாருக்குபா கல்யாணம்? காலைலேந்து ஆளாளுக்கு இதையே கேட்டுகினு கீறாங்க" என்றார் அலுத்துப்போய். அவர் போனில் புகுந்த அந்தச் செயலிதான் அவர் பெயரில் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது.

வெறுங்காலால் எதையோ மிதித்துவிட்டதுபோல உடம்பு கூசியது. அதை அழித்துவிட்டுப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். போனைத் தொட்டதற்கு யாராவது கை கழுவுவார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். இதைப் படிக்கிற நீங்களும் சிரிக்கலாம், பிள்ளைகளே. ஆனால் அந்தக் கூச்சம் எனக்குப் பல வருஷமாக இருக்கிறது.

பன்னிரண்டாவதில் தவறிய பிறகு கரையான்சாவடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரே ஒரு மின்விசிறி. வியர்வை, ஊதுவத்தி, சூடான தூசி மூன்றும் கலந்த ஒரு வாடை. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் முடி, நகம், மிக்சர் எல்லாம் கொட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கம்ப்யூட்டருக்கு உள்ளே இருந்த அசிங்கத்தைத்தான் தாங்க முடியாது. ஃபோல்டர் மாதிரியே மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு வைரஸ் உட்கார்ந்திருக்கும். நிஜம் என்று நம்பி இரண்டு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. அழித்தால் மறுபடி வரும். பேனை நசுக்கிவிட்டு ஈரை விட்டுவிட்ட தலை மாதிரி.

முதலாளி பாஸ்கர் அண்ணன், வைரஸ் சுத்தம் செய்யும் மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டு, சிவப்புக் கயிறு கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டார். வீடு வீடாகப் போவேன். டீக்கடையில் இருப்பவர்கள், "இன்னா டாக்டரே, ஊசி எடுத்துகினு கெளம்பிட்டியா?" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. ஒரு கைக்குப் போட்ட ஊசியை எந்த டாக்டராவது அடுத்த கைக்குப் போடுவாரா என்று என் தலையில் உதிக்கவே இல்லை.

மாங்காட்டில் கஸ்தூரி அக்கா என்று ஒருவர், வீட்டிலேயே டைப்பிங் செய்துகொடுப்பார். மகள் புவனா பன்னிரண்டாவது படித்தாள். அவளுக்குப் பார்வை ரொம்பக் குறைவு. பாடப்புத்தகத்து எழுத்து தெரியாது. அதனால் வருஷம் முழுக்க ஒவ்வொரு பாடத்தையும் கட்டைவிரல் அளவு எழுத்தில் அக்காவே டைப் செய்து வைத்திருந்தார். மானிட்டரில் மூக்கு உரசப் புவனா படிப்பாள்.

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு முறை கூப்பிட்டார்கள். போய் ஊசி போட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரமே பாட ஃபோல்டர் ஒன்றும் திறக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பரீட்சைக்கு மூன்றே வாரம்.

கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கும் 'சி' பகுதியை அழித்துப் புதிதாக ஏற்றினேன். பாடங்கள் இருந்த 'டி' பகுதியைத் திறந்ததும் வைரஸ் திரும்ப வந்துவிட்டது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. எனக்கு வெறி ஏறிவிட்டது. பாட ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாத ஷார்ட்கட்டுகள்தான் இருந்தன.

"எல்லாத்தையும் வைரஸ் துன்னுட்ச்சிக்கா. மொத்தமா ஃபார்மட் அட்ச்சாதான் போவும்."

"புவனா பாடம்லாம் அதுலதானேபா கீது?"

"அது எப்பவோ பூட்ச்சிக்கா."

எனக்குப் பின்னால் நின்ற புவனா, "கெமிஸ்ட்ரியாவது கீதா பாருண்ணா" என்றாள். பார்த்துவிட்டேன் என்றேன். பார்க்கவே இல்லை.

மொத்தத்தையும் அழித்தேன். காலியாகக் கொடுக்க மனசு வராமல், பென் டிரைவைச் செருகி, அதிலிருந்த பாட்டு, காமெடி எல்லாவற்றையும் கொட்டினேன். அடுத்த நிமிஷம் திரையில் மஞ்சள் சட்டையோடு அது உட்கார்ந்திருந்தது. துடைத்து வைத்த கம்ப்யூட்டர். இணையமும் இல்லை. என் கழுத்திலிருந்து வந்ததைத் தவிர அதற்குள் வேறொன்றும் போகவில்லை. அத்தனை வீட்டுக்கும் பரப்பியது நான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அக்கா டீ கொண்டுவந்தார். "நீ இன்னா பண்ணுவ, பாவம். குடி" என்றார். குடித்தேன். என்னை நினைத்தால் இன்றும் எனக்கே அருவருப்பாக இருப்பது அந்த டீயைக் குடித்ததற்குத்தான்.

சென்டருக்குப் போய்ப் பாஸ்கர் அண்ணனிடம் சொன்னேன். அதே நோய் பிடித்த எங்கள் கம்ப்யூட்டர் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு வரி டைப் செய்தார். காணாமல் போன ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

"பைல் எங்கடா பூட்ச்சி? வைரஸ் அத்த மறைச்சி வெச்சினுகீது, அவ்ளோதான். எடுத்து வெக்காம எவனாவது ஃபார்மட் அடிப்பானா?"

"இப்ப திரும்ப எடுக்க முடியாதாண்ணே?"

"பாதியாவது எடுத்திருக்கலாம். நீதான் அது மேலயே பாட்ட கொட்டிட்டு வந்துகீறியே, டாக்டரே."

அதனால்தான் உங்களிடம் கெஞ்சுகிறேன். ஊரான் பென் டிரைவைச் செருகாதீர்கள், வந்ததையெல்லாம் தட்டித் திறக்காதீர்கள், முக்கியமானதற்கு இன்னொரு பிரதி வேறு இடத்தில் வையுங்கள். அழிப்பதற்கு முன்னால் பாருங்கள். பார்த்தேன் என்று சொல்லாதீர்கள், பாருங்கள்.

மறுநாள் உண்மையைச் சொல்லத்தான் மாங்காட்டுக்குப் போனேன். அக்கா உயிரியல் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார், தொண்டை கட்டிப்போயிருந்தது. புவனா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாபா, மறுபடி எதுனா பாக்கணுமா?" என்றார். "சும்மாதாங்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். புவனா தேறிவிட்டாள், கெமிஸ்ட்ரியில் தட்டுத்தடுமாறித்தான் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் அவர்கள் வேப்பம்பட்டுப் பக்கம் குடிபோய்விட்டார்கள்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். அக்கா குடியிருந்த ஓட்டு வீட்டை இடித்து நாலு மாடி எழுப்பிவிட்டார்கள். அந்தப் பாடங்களைப் போல இன்னொன்று உலகத்தில் எங்கேயும் இருக்காது; சூத்திரங்களை மட்டும் சிவப்பு நிறத்தில் போட்டிருப்பார் என்று புவனா ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவை இருந்த இடத்திலேயேதான் இருந்தன. எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கம்ப்யூட்டர்கூட என்னைக் கேட்டது. புவனா என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் நான் சம்மதம் என்று தட்டினேன்.