ஒரு படி தவிட்டுக்கு விற்ற பெண்

பல்லி விழுந்த பலன், தும்மல் பலன், பூனை குறுக்கே போன பலன் எல்லாம் எங்கள் வீட்டில் என் மனைவியின் இலாகா. எனக்கு ஒதுக்கப்பட்டது பகுத்தறிவு. திருத்தணி சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரே சாய்வுமேஜை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆள் வராத நேரத்தில் புத்தகம் படிப்பேன். ஆள் வராத நேரம் நிறைய இருந்ததால் நிறையப் படித்திருக்கிறேன். நல்ல நேரம் பார்த்துப் பத்திரம் எழுத வருகிறவர்களைக் கிண்டல் செய்வேன். அவர்களும் கூடவே சிரித்துவிட்டு, ராகுகாலம் போனபிறகு கையெழுத்துப் போடுவார்கள்.

இத்தனை பகுத்தறிவோடுதான் என் பெண்ணை ஒரு படி தவிட்டுக்கு விற்றேன்.

எங்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. ஒன்று நாலு மாதம், மற்றது ஏழு மாதம். அதைப்பற்றி வேடிக்கையாக எழுத ஒன்றும் இல்லாததால் மேலே போகிறேன். மூன்றாவது, யுத்தம் ஆரம்பித்த மறு வருஷம் பிறந்தது. பெற்றவர்கள் ராசியில் பிள்ளை தங்காவிட்டால், முறத்தில் தவிட்டைப் பரப்பி அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி, வேறொருத்திக்கு விற்றுவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தேடிக்கொண்டு வருகிற விதி, 'இந்த வீட்டில் பிள்ளை இல்லை' என்று திரும்பிப் போய்விடுமாம்.

"விதிக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் வாய மூடிகினு இருங்க," என்றாள் மனைவி. அவள் குரல் நடுங்கியதால் மூடிக்கொண்டேன்.

எதிர் வீட்டில் தறி நெய்கிற தம்பதி. தெலுங்குக்காரர்கள், மூன்று பையன்கள். அந்த அம்மாள் ஒரு படி தவிட்டோடு வந்தாள். வாய்தான் மூடியிருந்ததே தவிர கை சும்மா இருக்கவில்லை. வழக்கத்தை நையாண்டி செய்வதாக நினைத்துக்கொண்டு, வெள்ளைத்தாளில் ஒரு கிரயப் பத்திரமே எழுதினேன். 'மேற்படி சிசுவை ஒரு படி தவிட்டுக்குச் சுத்தக் கிரயம் செய்து கொடுத்திருப்பதால், தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இனி இதில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை.' நிலப் பத்திரம்போல எல்லை சொல்ல வேண்டுமே என்று, 'தலைக்குத் தெற்கு, பாதத்துக்கு வடக்கு' என்று எழுதி உரக்கப் படித்தேன்.

"ஐயோ, கொழந்தைய வடக்க தல வெச்சா படுக்க வெப்பீங்க?" என்று அலறினாள் மனைவி.

உடனே அடித்து, 'தலைக்கு மேற்கு, பாதத்துக்குக் கிழக்கு' என்று திருத்தினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அப்போதே என்னைப்பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தவிட்டை எங்கள் பசு தின்றது. பத்திரத்தை எதிர் வீட்டம்மாள் மடித்துத் தன் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள். குழந்தை, பால் குடிக்க வந்த விருந்தாளிபோல எங்கள் வீட்டிலேயே வளர்ந்தது. அம்மை வந்தது, போனது. கக்குவான் வந்தது, அதுவும் போனது. அவள் மட்டும் இருந்தாள். பேசத் தொடங்கியதும் எதிர் வீட்டாரை அம்மா, நைனா என்றாள். எதிர் வீட்டம்மாள் என்னை அண்ணா என்று கூப்பிடுவதால் நான் மாமா ஆனேன். பெற்றவள் அத்தை ஆனாள்.

இந்தப் பத்து வருஷத்தில் தெரியாதவர்கள் யாராவது "ஒங்க பொண்ணுங்களா?" என்று கேட்டால், "எதிர் வீட்டுப் பொண்ணுங்க" என்பேன். வீணாக எதற்கு ஒரு நல்ல மனுஷியின் மனதைப் புண்படுத்துவது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அந்த மனுஷி ஊரிலேயே இல்லாத நாளிலும் அப்படித்தான் சொன்னேன்.

சுதந்திரம் வந்த இரண்டாம் வருஷம், பெண்ணைப் பட்டணத்தில் என் தங்கை வீட்டில் விட்டு மேலே படிக்கவைக்க ஏற்பாடாயிற்று. தங்கை பள்ளிக்கூட மனுப் பாரத்தைத் தபாலில் அனுப்பியிருந்தாள். முதல் வரி பெண்ணின் பெயர். எழுதினேன். இரண்டாவது வரி தகப்பனார் பெயர். வாழ்நாள் முழுக்க 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதியே சாப்பிட்ட கை, அங்கே வந்து நின்றுவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "எழுதுங்களேன். காயிதத்துல எழுதிட்டா என்னா ஆயிடும்?"

"நீதானே விற்கச் சொன்னே?"

"ஆங், சொன்னேன். அப்ப பயம். இப்பதான் கழுதையாட்டம் வளந்துகீறாளே."

அவளுடைய பயம் போய்விட்டிருந்தது. எங்கே போயிற்று என்று எனக்கு மட்டும் தெரிந்தது. ஆனாலும் சட்டப்படி ஒரு வழி இருந்தது: விற்றதைத் திரும்ப வாங்கிவிட்டால், பெயரை எழுதுவதில் குற்றமில்லை. மறுநாள் காலை ஒரு படி தவிட்டைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னாண்ணா, தவிடு? எங்க வூட்ல மாடு இல்லியே."

"மாட்டுக்கு இல்லம்மா. பொண்ணைத் திரும்ப வாங்கிக்கலாம்னு..."

ராட்டை நின்றது. அவள் எழுந்துபோய்த் தகரப்பெட்டியைத் திறந்து பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிங்க. கடசீல என்னா எழுதிகீறீங்க?"

படித்தேன். "இனி இதில் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை."

"ஆங். அதான்."

தறிக்குழிக்குள் இருந்து அவள் புருஷனின் குரல் வந்தது: "பாவம், அவரு எழுதனத அவராலயே ஒடைக்க முடியல. இவருகிட்டயா ஊரே பத்திரம் எழுதிக்குது?"

"பள்ளிக்கூடத்துல அப்பா பேர் கேக்கறாங்கம்மா," என்றேன்.

"படிக்க இட்டுகினு போங்க, நானா வேணாங்கறேன்? நாலு துணி எடுத்து வெச்சிகீறேன் அவளுக்கு. இந்தத் தவிடுதான் வேணாம். இத்த வாங்கிகினா அவ உங்க பொண்ணு ஆயிடுவா. பக்கத்துல இருந்தாலாச்சும் கண்ணால பாத்துகினு இருப்பேன். ரயிலேறிப் போற பொண்ண, உங்க ராசில எப்படிண்ணா வுடறது?" சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. பார்வையை நூலில் போட்டுக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அதை மறைக்க, மூடநம்பிக்கையின் கேடுகளைப்பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூட்டையை எடுத்து என் கையில் கொடுத்து அனுப்பினாள். இந்தத் தவிட்டையும் பசுவே தின்றது.

எதிர் வீட்டம்மாள் ஸ்டேஷனுக்கு வந்து பெண்ணுக்குத் திருநீறு பூசினாள். மணவூர் தாண்டும்வரை பெண் அழுதாள். அப்புறம் கட்டுச்சோற்றைப் பிரிக்கச் சொன்னாள்.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை பாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அப்பா பேர் காலியா இருக்கே? நீங்க யாரு?"

வாயைத் திறந்தேன். அதற்குள் பெண் முந்திக்கொண்டாள். "எங்க நைனா ஊர்ல தறி நெய்றாருங்க. இவரு மாமா." நைனாவின் பெயரையும் கணீரென்று சொன்னாள்.

ஆசிரியை எழுதிக்கொண்டார். "அப்ப கார்டியன்னு நீங்க கையெழுத்துப் போடுங்க."

பொய்யான தகவலுக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டாம் என்று எத்தனையோ பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். இப்போது பேனா தயங்காமல் ஓடியது. அவ்வளவு அழகான கையெழுத்து அதற்கு முன்னும் பின்னும் எனக்கு விழுந்ததில்லை.

வாரம் ஒரு கார்டு எழுதுகிறாள். விலாசம் எதிர் வீடு. அங்கே படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. பையன்கள் தெலுங்குதான் படித்தவர்கள். ஆகவே தபால்காரர் போனதும் எனக்கு அழைப்பு வரும். அந்த அம்மாள் ராட்டையை நிறுத்துவாள், அவள் புருஷன் தறியை நிறுத்துவான், என் மனைவி கரண்டியோடு ஓடிவருவாள். 'அன்புள்ள அம்மாவுக்கும் நைனாவுக்கும்' என்று தொடங்கி உரக்கப் படிப்பேன். காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'அத்தையையும் மாமாவையும் கேட்டதாகச் சொல்லவும்.'

"அத இப்பதானே படிச்சீங்கண்ணா," என்பாள் எதிர் வீட்டம்மாள்.

"எழுத்துச் சரியாத் தெரியலம்மா," என்று இன்னொரு தடவை படிப்பேன்.