பனிமூட்டத்துக்குள் ஒரு மூன்றாவது சுற்று

வேப்பிலையின் கசந்த வாசனைக்கு நடுவே பாயில் படுத்தபடி, கீழே பெரட்டுக்களத்தில் எழுந்த கூச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். மாட்டுப்பொங்கல் நாள். எனக்கு எட்டு வயது, உடம்பெல்லாம் அம்மை. தினமும் காலையில் எஸ்டேட் ஆட்களை நிறுத்திப் பேர் வாசிக்கும் அந்த மைதானத்தில், நான்கு சவுக்குக் கம்புகளை நட்டுக் கயிறு கட்டி, என் அப்பாவும் பக்கத்து ஊர் செம்மநத்தத்துச் சின்னராசுவும் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா ராணுவத்தில் பழகிவிட்டு வந்து எஸ்டேட் லாரி ஓட்டியவர். சின்னராசு சேலத்தில் யாரிடமோ பழகிய, அவரைவிட ஏழெட்டு வயது இளையவர். நானும் போவேன் என்று அழுததற்கு அம்மா, "அதைப் பாக்கறதுக்கு அம்மையே தேவலை கண்ணு, பேசாம படு" என்றாள். கூச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் எப்படி வாயை மூடினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பனி ஏறிவிட்டது என்பதைப் பிறகுதான் சொன்னார்கள். மூன்றாவது சுற்று தொடங்கியதும் பள்ளத்திலிருந்து கிளம்பிய மூட்டம் களத்தை மூடி, பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாமல் போயிற்றாம். நடுவராக நின்ற, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர்தான் கடிகாரம் பார்த்துக் கையைத் தூக்குவார். அதைப் பார்த்துத்தான் சில்வர் ஓக் மரத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை மணிக்காரர் அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ரைட்டர் கையைத் தூக்கினார். மூட்டத்தில் மணிக்காரருக்கு அந்தக் கை தெரியவில்லை. உத்தரவில்லாமல் மணி அடித்துப் பழகாத மனிதர், சுத்தியலோடு காத்துக்கொண்டே நின்றார். மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய சுற்று முடியவே இல்லை. ஐந்து நிமிடம் என்றார் ஒருவர், கால் மணி நேரம் என்றார் இன்னொருவர். மூட்டம் விலகியபோது இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றதாகச் சிலர் சொன்னார்கள். அப்பா ஒரு முழங்காலில் இருந்ததாக வேறு சிலர் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் சமம் என்று ரைட்டர் தீர்ப்புச் சொன்னதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

பள்ளிக்கூடம் போகும் வழியில், ஒண்டிக்கடை முக்கில், பஸ்ஸில், எங்கே யாரைப் பார்த்தாலும் அந்தச் சண்டையைப் பற்றிக் கேட்பேன். "நீ பாக்கோணுமே கண்ணு, உங்கப்பன் உட்ட குத்து" என்று ஆரம்பிப்பார்கள். மூன்றாவது சுற்று வந்ததும் குரல் தணிந்துவிடும். அங்கே இருந்தவர்களும் என்னைப் போலத்தான், பார்க்காதவர்கள். அப்பாவைக் கேட்டால், "அதுல என்ன கண்ணு இருக்குது" என்று லாரியைக் கிளப்பிவிடுவார்.

ஐம்பத்தெட்டு வயதில் அப்பாவின் பேச்சு குழறத் தொடங்கியது. கை நடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டே மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணியவர், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எந்த ஊருக்குங்க போகுது?" என்று என்னையே கேட்டார். எப்போதாவது தலையில் அடி பட்டதா என்று மருத்துவர் விசாரித்தபோது, தெரியாது என்றேன். அப்பாவின் கடைசி நாள் வரை அதே பதிலைத்தான் சொல்ல முடிந்தது.

இதையெல்லாம் மறந்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். தூக்கி எங்கோ வைத்திருந்தேன். என் மகள் யாழினிக்கு இப்போது பதினேழு வயது. சேலத்தில் குத்துச்சண்டை பழகுகிறாள். அவளும் அவள் தோழிகளும் நேரில் பார்த்திருக்க வேண்டிய பழைய உலகக் குத்துச்சண்டைகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் விடிவதற்கு முன் நடந்தது, மணிலாவின் புழுக்கத்தில் பதினான்கு சுற்று நடந்தது என்று, பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே முடிந்தவற்றுக்காக ஏங்குவார்கள். "நீ எதைம்மா பாத்திருக்கோணும்னு நெனைக்கிற?" என்று ஒருநாள் கேட்டாள். "உங்க தாத்தா போட்டதை" என்றேன். சிரித்தாள்.

போன மாதம் சேலத்தில் அவளுக்கு ஒரு போட்டி. நானும் போயிருந்தேன். நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது சுற்றில் எதிராளி கையை ஓங்கியதும் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டேன். எடுத்துப் பார்த்தபோது யாழினி நின்றுகொண்டுதான் இருந்தாள், ஜெயித்தும் விட்டாள். மலை ஏறும் பஸ்ஸில், "அம்மா, நான் ஜெயிச்சனா?" என்றாள். ஜெயித்தாய் என்றேன். இரண்டு வளைவு தாண்டி மறுபடி, "அம்மா, நான் ஜெயிச்சனா?" மூன்றாம் முறை கேட்டபோது அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டேன்.

மறுநாள் அவளுக்கு எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. இரண்டு வாரம் ஓய்வுக்குப் பிறகு, விளையாடலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனால் முதல் நாளே, "அடி எந்தப் பக்கம் விழுந்துச்சுங்க?" என்று அவர் கேட்டதற்கு, நான்காவது வரிசையிலேயே உட்கார்ந்திருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டிக்கான படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பாவுக்கு வந்த நோய் அந்த மூட்டத்துக்குள் விழுந்த அடியால்தானா என்று தெரிந்தால், கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதும் தெரிந்துவிடும் என்று ஏனோ தோன்றியது. மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஏறினேன்.

சின்னராசு அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவர் என்னை அடையாளம் கண்டு, "டிரைவரண்ணன் புள்ளயா? ஊட்டுக்குள்ள வா சாமி" என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"குத்தா? ஒண்ணுகூட இல்ல கண்ணு. பனி மூடுனதும் உங்கப்பாரு, 'சின்னா, மணி அடிக்கட்டும், நில்லு'ன்னாரு. தோளைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நின்னோம். நொம்பக் குளிரு. வேறென்ன?"

எனக்கு மூச்சு வந்தது. அப்போது காப்பி கொண்டுவந்த அவர் மனைவி, டம்ளரை என் கையில் கொடுத்தபடியே, "ஏனுங்க, பனில கண்ணு தெரியாம மூணு குத்து உட்டேன், மனுசன் முட்டி போட்டுட்டாருன்னு கல்யாணமான நாள்ல இருந்து எங்கிட்டச் சொல்லிட்டு இருந்தீங்க?" என்றார்.

"அது உங்கிட்ட பெருமைக்குச் சொன்னது."

"அப்ப இந்தப் புள்ளகிட்ட எதுக்குச் சொல்றீங்களாமா?"

சின்னராசு மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு எது வேணும் கண்ணு?" என்றார். கேலியாகத் தெரியவில்லை. உண்மையிலேயே கேட்டார். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை. படிவத்துக்குக் கடைசி நாள் தாண்டிப் போயிற்று. "டாக்டரே சரின்னுட்டாரு. உனக்கு என்னம்மா தெரியும்?" என்று யாழினி கேட்டாள். ஒன்றும் தெரியாததால்தான் என்றேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. செய்தது சரியா என்று அந்த நான்கு நாளும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன்.

தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளாகவே வந்து, "தாத்தா சண்டை போட்ட எடத்தைக் காட்டு" என்றாள். அழைத்துப் போனேன். பெரட்டுக்களம் இப்போது ஒரு தங்கும் விடுதியின் கார் நிறுத்துமிடம். சில்வர் ஓக் மரம் இல்லை, தண்டவாளத் துண்டு இல்லை, ரைட்டரும் மணிக்காரரும் போய் வெகுநாளாகிறது. பெங்களூர்க் கார்கள் இரண்டுக்கு நடுவே யாழினி காலால் அளந்து பார்த்தாள். "இத்துணூண்டு எடத்துலயா?" என்றாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கை அவள் பக்கம் இருக்கும்படி நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்து, "அசைக்காம புடி. என் கையையே பாரு" என்றாள்.

மெதுவாக ஒன்று. பிறகு ஒன்று. கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவதுபோல் அடித்தாள். காவலாளி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பலமா அடி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அடித்தாள். உள்ளங்கை எரிந்தது. கையை நான் இறக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை.