யோகம் டீச்சரின் காகிதக் கைகள்

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரெபேக்கா யோகாம்பாள். மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ஒன்பது கட்டை தூரம் தள்ளியிருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்தில், அந்தப் பெயர் அவருடைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் யோகம் டீச்சர். எந்தப் பள்ளியிலும் அவர் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி தம்பிராஜாவின் தங்கை. கல்யாணம் என்ற ஒன்று நடக்காமலே நாற்பத்தாறைத் தொட்டவர். மனைவியை இழந்த அண்ணனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீச்சர் ஆகிறவர்.

வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை ஒரு காலத்தில் வைத்துப் பார்த்த பழைய ஆயாக் கொட்டகைதான் தேவாலயம். ஞாயிறு பள்ளிக்கு இருபத்து மூன்று பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒன்பது பேர்தான் கிறிஸ்தவர்கள். மற்றவர்கள் கோந்துக்கும் பிஸ்கட்டுக்கும் வருகிறவர்கள் என்பது டீச்சருக்கும் தெரியும், தொழிலாளர் லயத்துக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. வாயால் மட்டும் சொல்கிற ஜெபம் பிள்ளைகள் மனதில் நிற்காது, கையும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது டீச்சரின் கட்சி. ஒரு வருஷம் பால்டின் பெட்டிகளை ஒட்டி நோவாவின் பேழை செய்தார்கள். அது எத்தனை பெரிதென்றால், கூரை ஒழுகிய ஞாயிறுகளில் பேழைக்குள் உட்கார்ந்தே பாடம் நடந்ததாம். கிறிஸ்மஸ் தூதர்களுக்குச் சிறகு வேண்டி செகிஞ்சான் கோழிக்கடையிலிருந்து ஒரு கோணி இறகு வந்தது. பிரசங்கத்தின் நடுவே போதகர் போட்ட ஒரே தும்மலில் எட்டுத் தூதர்களும் வெறும் பிள்ளைகளாக நின்றார்கள். பறந்த இறகில் பாதி ஜெராம் கடற்கரையில் இறங்கியதாகக் கேள்வி.

இந்தச் சிரிப்பெல்லாம் எண்பத்து நான்காம் வருஷம் மே மாதத்தோடு நின்றுபோனது.

அதற்கு முந்தின மாதம் கிள்ளானில் நடந்த பயிற்சியில் டீச்சர் ஒரு புது வேலை கற்றுக்கொண்டு வந்தார். அன்னையர் ஞாயிறுக்கு, அம்மாவின் கையை மணிலா அட்டையில் வரைந்து, வெட்டி, மணிக்கட்டில் அம்மாவின் பெயரும் உள்ளங்கையில் அவளுக்காக ஒரு வரி ஜெபமும் எழுதி, விரல்களை மடக்கிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். உள்ளே எழுதியது பிள்ளைக்கும் ஆண்டவருக்கும் இடையில். டீச்சர்கூடப் படிக்கக் கூடாது.

"எல்லாரும் போய் அம்மாவின்ட கையைக் கீறிக்கொண்டு வாங்கோ," என்றார் டீச்சர்.

டீச்சரின் யாழ்ப்பாணத்து வீட்டில் கீறுவது என்றால் வரைவது. லயத்தில் கீறுவது என்றால் கத்தி வேலை.

"எதால கீறணும், டீச்சர்?" என்று கேட்டான் சோமு.

"பென்சிலாலதான்."

"ரத்தம் வந்தா அம்மா அடிப்பாங்க, டீச்சர்."

முன்வரிசையில் இருந்த எட்டு வயது கங்கா நிதானமாகச் சொன்னாள்: "எங்க அம்மா கை ஏற்கெனவே கீறித்தான் இருக்கு, டீச்சர்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த ஞாயிறு கைகள் வந்து சேர்ந்தன. குண்டுக் கை, ஒல்லிக் கை, ஆறு விரல் வைத்த அவசரக் கை. எல்லா விரலிலும் சிவப்பு வண்ணத்தில் நகம், சினிமாக்காரி நகம்போல. கங்காவின் கையில் மட்டும் நகமே இல்லை. பிள்ளை மறந்துவிட்டது என்று நினைத்து, டீச்சர் தானே சிவப்புக் கிரேயோனை எடுத்து ஐந்து நகங்களை வளைவாக, அழகாகப் போட்டுக் கொடுத்தார்.

கங்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ரப்பர் கேட்டாள்.

"ஏன் பிள்ளை, வடிவாத்தானே இருக்கு?"

"பொய் ஜெபம் ஆயிடும், டீச்சர். அம்மாவுக்கு நகம் இல்ல. மருந்து தின்னுடுச்சு."

கிரேயோன் ரப்பருக்கு அழியவில்லை. சிவப்பு இழுபட்டு விரல் முழுவதும் பரவி, அட்டை தேய்ந்து கிழிந்தது. டீச்சர் புது அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அன்று மதியமே லயத்துக்குப் போனார். கங்காவின் அம்மா வேலம்மா புருஷனை இழந்தவள்; களைக்கு மருந்து அடிக்கிற கோஷ்டியில் முதுகில் பம்பு சுமக்கிறவள். டீச்சரைக் கண்டதும் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் காளியம்மா, அவளும் பம்புக்காரிதான், வாசலில் சாய்ந்து நின்றாள்.

"காட்டு, வேலம்மா."

"ஒண்ணுமில்ல, டீச்சரம்மா. சும்மா பூஞ்சக்காளான்."

"பூஞ்சக்காளானாம்," என்றாள் காளியம்மா. "அப்ப மூக்குல வர்ற ரத்தம் என்னவாம், லா? வெத்தல எச்சிலா?"

வேலம்மா கையை நீட்டினாள். ஒரு கையில் ஐந்து விரலிலும் நகம் இருந்த இடம் வெந்த தோலாக இருந்தது. மற்றக் கையின் நகங்கள் கறுத்து, அடியில் கழன்று ஆடின.

"தோட்டத்து ஆசுபத்திரியில டிரஸ்ஸரிட்டக் காட்டினியோ?"

"எங்களோட பம்பு சொமந்த அமராவதி காட்டுனாளே. வேலைக்கு லாயக்கில்லன்னு செக்ரோல் புத்தகத்துல பேர எடுத்துட்டாங்க. பேர் போனா வீடும் போச்சு. இப்ப ரவாங்ல யாரு வீட்டுலயோ ஒண்டிக்கிட்டு இருக்கா." வேலம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் காகிதத்தக் கழட்டிடுங்க, டீச்சரம்மா. அடுத்த ஞாயிறு தொரை வருவாரு, கிராணி ஐயா வருவாரு. எம் பேரோட கை தொங்குனா எங்க ரெண்டு பேருக்கும் நடுத்தெருதான்."

டீச்சர் கழற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். ஆனால் சாயங்காலம் அண்ணனுக்குத் தேத்தண்ணீர் வைக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, மருந்தடிக்கிற பொம்பிளையளின்ட கையைப் பாத்தனீங்களோ?"

"கையை நான் ஏன் பாக்க வேணும்? தலையை எண்ணிப் பேர் போடுறதுதான் என்ர வேலை."

"நகமெல்லாம் கழண்டுபோய்க் கிடக்கு."

தம்பிராஜா தேத்தண்ணீரை ஊதினார். "தெரியும். பதினொரு பேர்."

"தெரிஞ்சுமோ?"

"கையுறை கேட்டு ரெண்டு கடிதம் போட்டனான். பதில் இல்லை. மூண்டாவது போட்டால் கிராணியைத்தான் மாத்துவினம். பிறகு நீயும் நானும் எங்கை போய் இருக்கிறது? உன்ர பால்டின் பேழைக்குள்ளயோ?"

"வேலம்மாவையாவது நாற்றங்காலுக்கு மாத்தலாம்தானே?"

"மாத்தினால் காரணம் எழுத வேணும், யோகம். எழுதினால் அமராவதிக்கு வந்த பதில்தான் அவளுக்கும் வரும். நீ உந்தக் கடுதாசிக் கையைக் கழட்டிப்போடு. அவளுக்கு நல்லது அதுதான்."

சனிக்கிழமை காலையில் டீச்சர் கொட்டகைக்குப் போய்க் கங்காவின் கையைக் கயிற்றிலிருந்து எடுத்தார். படிக்கக் கூடாது என்று அவரே போட்ட சட்டம். விரல்களை விரித்துப் படித்தார்.

'இயேசப்பா, அம்மாவுக்கு நகம் குடுங்க. பத்து வேணாம். அஞ்சு போதும்.'

அலங்கார வேலைக்கு வந்த பிள்ளைகள் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கங்கா நேரே கிட்டே வந்தாள்.

"படிச்சிட்டீங்களா, டீச்சர்?"

"ஓம்."

"கழட்டிட்டா இயேசப்பா எப்படிப் படிப்பாரு?"

டீச்சர் காகித விரல்களைப் பழையபடி மடக்கினார். அப்போது சோமு தன் கையைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"டீச்சர், எங்க அம்மாவுக்கும் மூணு இல்ல. அழகா இருக்கட்டும்னு நான் சும்மா செவப்பு அடிச்சேன். இதுவும் பொய் ஜெபமா?"

அவன் பின்னால் இன்னொருத்தி. அவள் பின்னால் காளியம்மாவின் மகன். டீச்சர் எண்ணினார். கங்காவோடு சேர்த்துப் பதினொன்று. மணிலா அட்டை தீரும் மட்டும் புதுக் கைகள் வெட்டினார்கள். இருக்கிற நகத்துக்கு வண்ணம், இல்லாத நகத்துக்கு வெறும் அட்டை. பிள்ளைகள் போன பிறகு டீச்சர் கத்தரிக்கோலை எடுத்து, இருபத்து மூன்று கைகளிலும் மணிக்கட்டில் எழுதியிருந்த பெயர்களைத் துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, கங்காவினதையும் சேர்த்து மறுபடி கயிற்றில் கட்டினார். எந்தக் கை யாருடையது என்று ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும்.

வாக்கை மீறுகிறோமா, காப்பாற்றுகிறோமா என்று அவருக்கே விளங்கவில்லை.

ஞாயிறு தோட்டத்தின் மானேஜரான துரை வந்தார். கேக் கொடுத்தார். கயிற்றின் கீழ் நடந்தவர் பாதி வழியில் நின்று, இத்தனை கைகளில் நகம் போட ஏன் மறந்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிள்ளைகள்தானே, சார், மறந்திருப்பார்கள்," என்றார் தம்பிராஜா, அதே ஆங்கிலத்தில், அவசரமாக.

பின் பெஞ்சில் வேலம்மா கைகளை மடிக்குள் திணித்து, தலையை அசைத்து வேண்டாம் என்கிறாள். கங்கா டீச்சரையே பார்க்கிறாள்.

"மறக்கவில்லை, சார்," என்றார் டீச்சர். "மருந்தடிக்கும் தாய்மாரின் கைகள் அவை. இருப்பதைத்தான் வரைந்திருக்கிறார்கள்."

துரை ஒரு கையைத் தொட்டுப் பார்த்தார். பெயர் தேடினாரோ என்னவோ, மணிக்கட்டைத் திருப்பினார். பிறகு தம்பிராஜாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார். கார் போய்விட்டது.

அன்று இரவு சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணன் சொன்னார்: "அடுத்த கிழமையிலயிருந்து கொட்டகை உர மூட்டைக்கு வேணுமாம்."

"துரை பேர் கேட்டவரோ?"

"கேட்டவர். கடுதாசியில இல்லாத பேரை நான் எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டன்."

திங்கட்கிழமை விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். டீச்சர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வேலி ஓரமாக நின்றார். வேலம்மாவின் முறை வந்தபோது தம்பிராஜா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "வேலம்மா, நாற்றங்கால். அங்க ஆள் குறையுதாம்," என்றார். அவ்வளவுதான். வேலம்மா ஒரு நொடி நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பம்பு வரிசையைத் தாண்டி விறுவிறுவென்று நடந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மிச்சப் பத்துப் பேரையும் கூப்பிட்டார்கள். பத்துப் பேரும் பம்புக்கு. டீச்சர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பக்கத்தைப் புரட்டினார்.

காளியம்மா பம்பின் வாரை இழுத்துக்கொண்டே வேலிப் பக்கம் வந்தாள்.

"ஏன் டீச்சரம்மா, எங்க புள்ளைங்களுந்தான எழுதிப் போட்டுச்சு. உங்க சாமி ஒரு கைக்கு மேல படிக்க மாட்டாரா, லா?"

காளியம்மா பம்பைத் தூக்க முடியாமல் ஒருபக்கம் சாய்ந்ததைப் பார்த்து, டீச்சர் வேலிக்குள் கையை விட்டுத் தாங்கி, அவள் முதுகில் ஏற்றிவிட்டார். மூடி ஓரத்தில் கசிந்த மருந்து அவர் விரல்களில் வழிந்தது.

"கழுவுங்க, டீச்சரம்மா," என்றாள் காளியம்மா. "சோப்பு போட்டு நல்லா கழுவுங்க." சொல்லிவிட்டு, மற்ற ஒன்பது பேரின் பின்னால் செம்பனைக்குள் போனாள்.